கை நனைக்காமல் பார்த்த கல் வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வரிசையாகச் சொல்லத் தெரியாது. ஒன்றை மறந்துவிட்டு, ஞாபகம் வந்ததும் வேறு இடத்தில் சொருகுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், இத்தனை பேர் படிக்க எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கிலாந்துக்குப் போனது வீடு பார்க்க.

எங்கள் கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டுப் பக்கம், பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவார்கள். வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அவர்களும் ஏன் என்று கேட்பதில்லை. வைத்த சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தால் அதுதான் பதில்.

என் கடைசி மகள் செல்வி நர்ஸ் வேலைக்காக அந்த நாட்டுக்குப் போய்ச் சில வருடம் ஆகிறது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பெரியவரை இவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவரைப் பார்க்க வந்த மகனுக்கும் இவளுக்கும் பழக்கமாகிவிட்டது. பையன் பெயர் தாமஸ். அப்பாவோடு சேர்ந்து செம்மறி ஆடு வளர்த்து விவசாயம் பார்க்கிறவன். செல்வி போனில் சொன்னபோது என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, “ஊடு எப்பிடி?” என்பதுதான். பழைய கல் வீடு, பல தலைமுறையாக அதிலேயே இருக்கிறார்கள் என்றாள். “அப்பப் போயிப் பாக்கோணும்,” என்றார்.

அவருக்கு மூச்சிரைப்பு. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அண்ணனும் இப்போது இல்லை. ஆகவே பங்காளி, மாமன், ஊர்ப் பெரியவர் எல்லாருக்கும் பதிலாக நான் ஒருத்தி போகும்படி ஆயிற்று. இதற்கு முன் வீடு பார்க்கப் போன கூட்டங்களில் பின்னால் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தவள் நான்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: “ஏ புள்ள, அவங்க சிரிக்கறதப் பாத்து ஏமாந்துராத. சுவத்தப் பாரு, அடுப்பப் பாரு, தண்ணியப் பாரு. நம்ம புள்ள அந்த ஊட்டுக்குள்ள இருந்து கூப்புட்டா யாருக்காச்சும் கேக்குமான்னு பாரு. மனசு ஒத்துக்கிட்டா கை நனை. இல்லீனா எந்திரிச்சு வந்துரு. எதுவானாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

செல்வியும் கட்டுப்பட்டாள். “நீ கை நனைக்கலீனா இந்தப் பேச்சையே உட்டுடறேம்மா,” என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாரமாகப் போயிற்று. பேசாமல் அழுது அடம் பிடித்திருக்கலாம்.

காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் மிளகை வாங்கும் பாய் வீட்டம்மா, “மலைக் குளிருன்னு நெனச்சுக்காதீங்கக்கா, அது வேற குளிரு,” என்று தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தனுப்பினார். விமானத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஜன்னல் மூடியே இருந்தது.

செல்வி இருக்கும் ஊரில் வீடெல்லாம் செங்கல். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் தெருவில் ஒரு சத்தம் இல்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டிலிருந்து, “மொளகு தட்டிப் போட்டியா?” என்று கேட்பார்கள். இங்கே பக்கத்து வீட்டில் யார் என்று செல்விக்கே தெரியவில்லை. எனக்கு அன்றைக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஒட்டி நிற்கிற வீட்டிலேயே இப்படி என்றால், காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கிற கல் வீட்டில் எப்படி?

மறுநாள் செல்வி டியூட்டிக்குப் போனதும், கொண்டுபோன சாமை அரிசியைப் பொங்கி, ரசத்துக்கு மிளகாய் கிள்ளித் தாளித்தேன். கூரையில் இருந்த ஒரு டப்பா உயிர் போகிற மாதிரி கத்த ஆரம்பித்தது. நான் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவந்துவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிழவர் வந்தார். உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து அந்த டப்பாவுக்கு விசிறினார். அது அடங்கியது. பிறகு போகாமல் நின்று சட்டியைப் பார்த்தார். செல்விக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

செல்வி சிரித்தாள். “தீ புடிச்சுதான்னு கேக்கலம்மா. அது என்ன கொழம்புன்னு கேக்கறார்.”

ஒரு கிண்ணம் ரசம் ஊற்றிக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர வரக் குடித்தார். அப்படித்தான் பக்கத்து வீட்டுக்காரர் பழக்கமானார்.

வீடு பார்க்கிற நாள் வந்தது. தாமஸ் காரில் வந்து கூட்டிப்போகிறேன் என்றானாம். நான் வேண்டாம் என்றேன். மாப்பிள்ளை வீட்டு வண்டியில் போய் இறங்கினால் பாதிச் சம்மதம் சொன்ன மாதிரி. செல்வி முதல் நாள் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் ரயிலில் போய், பிறகு பஸ் ஏறினோம்.

எழுபது கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கி ஒரு நாளும் வாந்தி எடுக்காதவள் நான். அந்த நாட்டு நேர் ரோட்டில் எனக்கு வாந்தி வந்தது. காலையில் சாப்பிட்ட இட்லி அவ்வளவும் ஒரு பைக்குள் போயிற்று. வயிறு காலியாகிவிட்டது. அது பின்னால் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இரண்டு வயதான பெண்கள் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார்கள். என்ன என்று செல்வியைக் கேட்டேன்.

“மருமகளப் பத்தி பேசறாங்கம்மா.”

“என்னவாம்?”

“‘போனே பண்றதில்ல, என் மகன் துணிய அவனே தொவைக்கிறான்’னு சொல்றாங்க. அதுக்கு அந்தம்மா, ‘உன் மகனுக்குத் தொவைக்கத் தெரியுதா, பரவால்லியே’ங்கறாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தைரியமும் வந்தது.

அந்தச் சிரிப்பில் நான்தான் தப்புப் பண்ணினேன். ஜன்னலில் ஒரு கல் சுவர் தெரிந்ததும் வந்துவிட்டோம் என்று மணியை அழுத்திவிட்டேன். இறங்கி, பஸ் போனபிறகுதான் செல்வி சுற்றிப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்குதும்மா.” அடுத்த பஸ் மத்தியானம்தான். தூறலில் நடந்தோம்.

நடந்ததும் நல்லதாகப் போயிற்று. ரோட்டின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கல் சுவர். சுண்ணாம்பு இல்லை, மண் இல்லை. கல்லுக்கு மேல் கல்லை வைத்து அடுக்கியது. எங்கள் மலையில் காட்டுச் சரிவில் மண் சரியாமல் இருக்கக் கல் கட்டு வைப்போமே, அதே கைதான். தட்டைக் கல்லைப் படுக்க வைத்து, இடுக்கில் சில்லுக் கல்லைச் செருகி, மேலே மட்டும் கற்களை நிற்க வைத்திருந்தார்கள். நான் போகிற போக்கில் தொட்டுக்கொண்டே போனேன். ஒன்றும் ஆடவில்லை.

திருப்பம் தாண்டியதும் வீடு தெரிந்தது.

பெரிய வீடுதான், அரண்மனை இல்லை. இரண்டு மாடி, மேலே கூம்பு கூம்பாக மூன்று முகடு. கல்லின் நிறம் தினை மாவு மாதிரி. மழை நின்று கொஞ்சம் வெயில் விழுந்ததும் அந்த மாவு வறுபட்டு மணக்கிற மாதிரி நிறம் ஏறியது. கூரையும் கல். ஓடு என்று நினைத்தேன், கிட்டப் போனால் கல்லைப் பலகை பலகையாக உடைத்து வேய்ந்திருக்கிறார்கள். கீழ் வரிசையில் முறத்தளவு கல். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டில் உள்ளங்கை அளவு. அதன்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பாசி. மீன் செதில் மாதிரி இருந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன்.

“அம்மா, வாயை மூடு. பாக்கறாங்க,” என்றாள் செல்வி.

வாசலில் பையன், பையனின் அப்பா, பையனின் அம்மா, ஒரு நாய். பையன் நல்ல உயரம், காது சிவந்திருந்தது. அப்பா கைத்தடி ஊன்றியிருந்தார். கூரையில் பாசி சுரண்டப் போய் விழுந்துதான் அவருக்குக் கால் முறிந்ததாம். என்னைப் பார்த்ததும், “வாங்க,” என்றார். செல்வி கற்றுக்கொடுத்த சொல். அன்றைக்கு முழுவதும் ஒவ்வொரு கதவு வந்தபோதும் ஒதுங்கி நின்று, “வாங்க,” “வாங்க,” என்றார். அம்மாவுக்கு வெள்ளைமுடி, ஒட்ட வெட்டியது. நகத்தில் மண் இருந்தது. கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

நான் பழக்கத்தில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பையனின் அம்மாவும் கழற்றினாள். அப்பாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். அவர் சாக்ஸில் கட்டை விரல் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

வாசற்கதவு உயரம் குறைவு. நிலைக்கு மேல் ஒரே நீளக் கல். தாமஸ் பாதி மடிந்துதான் உள்ளே போனான். எங்கள் மலை வீடுகளிலும் குனிந்துதான் நுழைய வேண்டும். இவ்வளவு பெரிய வீடு கட்டியவர்கள் ஏன் இதை உயர்த்தவில்லை என்று கேட்டேன். குளிர் உள்ளே வரக் கூடாது என்றுதான் என்றார் அப்பா. தன் நெற்றியில் ஒரு தழும்பைக் காட்டினார். வருடம் ஒரு தடவை இன்னும் இடித்துக்கொள்கிறாராம்.

உள்ளே மேஜையில் சாப்பாடு வைத்திருந்தார்கள். சுடச்சுட ரொட்டி, வெண்ணெய், ஏதோ பழத்தை வேகவைத்த பாகு, முட்டை போடாத கேக், பால், டீ. பஸ்ஸில் காலியான வயிறு அந்த ரொட்டி வாசனைக்கு ஒரு சத்தம் போட்டது. நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

டீ வேண்டுமா என்றாள் பையனின் அம்மா. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பால்? வேண்டாம். பழச்சாறு? வேண்டாம். கடைசியில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

செல்வி குனிந்து, “தண்ணியாச்சும் குடிம்மா, ஒதடு காஞ்சு கெடக்குது,” என்றாள்.

“நீ சும்மா இரு கண்ணு.”

“அவங்களுக்கு இது தெரியாதும்மா. சொல்லட்டுமா?”

“சொல்லாத. சொல்லீட்டா அப்புறம் பாக்கறது பாக்கறதா இருக்காது.”

“வீட்டைப் பார்க்கிறேன்,” என்று மட்டும் சொல்லச் சொன்னேன். பையனின் அம்மா மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் தடியை எடுத்துக்கொண்டு, “வாங்க,” என்றார்.

முதலில் சுவர். ஜன்னல் பக்கம் போய்க் கையை முழுதாக நீட்டினேன். தோள் வரை சுவரின் தடிமனுக்குள் போயும் விரல் கண்ணாடியைத் தொடவில்லை. அந்த ஆழத்திலேயே ஒரு ஆள் உட்காரக் கல் பலகை போட்டிருக்கிறார்கள். ஜன்னல் ஒன்றாக இல்லாமல் கல் தூண்களால் மூன்று கண்ணாகப் பிரிந்திருக்கிறது. கண்ணாடி சின்னச் சின்னதாக, சாய்சதுரமாக, ஈயப் பட்டையில் கோர்த்தது. வெளியே ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேல் மழைத் தண்ணீர் வழிந்து உள்ளே வராமல் இருக்கப் புருவம் மாதிரி ஒரு கல் வரம்பு. வீட்டுக்கு முகம் இருக்கிறது என்று செல்வியிடம் சொன்னேன். அவள் அதைச் சொன்னதும் பெரியவர் தன் புருவத்தைத் தடவிக்கொண்டார்.

கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பின்பக்க ஜன்னலைக் காட்டினார். அங்கே ஒரு குளம், வாத்துகள். அதுதான் கல் வெட்டிய பள்ளமாம். வீடு நிற்கிறது, வீடு வந்த பள்ளம் பின்னால் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. இந்தக் கல் வெட்டும்போது மெத்தென்று இருக்குமாம், காற்றுப் படப் படத்தான் இறுகுமாம். வெட்டின உடனே கட்ட மாட்டார்கள். ஒரு குளிர்காலம் வெளியே போட்டு வைத்து, பனியில் வெடிக்காத கல்லைத்தான் சுவருக்கு எடுப்பார்களாம். “பாத்துத்தான் எடுப்பாங்களாம்மா,” என்றாள் செல்வி. அவள் குரலில் ஒரு குத்தல் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

வாசல் தெற்கே பார்த்திருந்தது. எனக்கு அது உறுத்தியது. பெரியவர் கையால் வானத்தில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். அந்த நாட்டில் சூரியன் தலைக்கு மேல் வருவதே இல்லையாம், தெற்கிலேயே சாய்ந்து நடக்குமாம். வடக்கே குளிர்காற்று. அதனால் வீடு முதுகைக் காற்றுக்குக் கொடுத்து முகத்தை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. சரி, சூரியனே இடம் மாறி நடக்கிற ஊரில் திசை பார்த்து என்ன செய்வது என்று அதை விட்டுவிட்டேன்.

தரை முழுவதும் பெரிய பெரிய கல் பலகை. வெறுங்காலோடு நடந்ததால் ஒன்று தெரிந்தது. அடுப்புக்கு முன்னாலும் வாசற்படியிலும் கல் குழிந்திருக்கிறது. கால் தானாகப் போய் அந்தக் குழியில் உட்காருகிறது. எத்தனை பெண்கள் நின்று சமைத்த இடமோ.

அந்த அடுப்பைச் சொல்ல வேண்டும். அது அடுப்பு இல்லை, ஒரு அறை. உள்ளே ஒரு பசுவும் கன்றும் நிற்கலாம். மேலே பார்த்தால் புகைபோக்கி வழியாக வானம் தெரிகிறது. பக்கச் சுவரில் ஒரு மாடம். உப்பு வைக்கிற இடம் என்றார். நெருப்புச் சூட்டில் உப்பு கசியாதாம். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேல் பரண் கட்டி, புகையில் விதைச் சோளத்தைத் தொங்கவிடுவோம். நெருப்பு எரிகிற இடத்தில் எதை வைத்துக் காப்பாற்றலாம் என்று எல்லா ஊரிலும் யோசித்திருக்கிறார்கள்.

பெரியவர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு குழந்தையின் பழைய தோல் செருப்பு, சுருங்கி வற்றல் மாதிரி. புகைபோக்கியைச் சரி பண்ணும்போது சுவருக்குள் கிடைத்ததாம். எதற்கு வைத்திருப்பார்கள் தெரியுமா என்று கேட்டார்.

“கண்ணேறு படாம இருக்க,” என்றேன். “எங்க பக்கம் லாரிக்குப் பின்னால கட்டுவோங்க. புது ஊட்டுக்கும் கட்டுவாங்க.”

செல்வி சொன்னதும் அவர் சத்தமாகச் சிரித்து, மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். அடுப்பின் மேல் கட்டையில் கீறியிருந்த பூ வட்டங்களையும் காட்டினார். கவராயம் வைத்துப் போட்ட ஆறு இதழ்ப் பூ. கெட்டது புகைபோக்கி வழியாக இறங்காமல் இருக்கவாம். இழை மாறாத கோலம். என் கை அதைத் தொட்டுப் போட்டுப் பார்த்தது.

இப்படி எல்லாம் பிடித்துப்போய்க்கொண்டே இருந்தது. ஆனால் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. சுவர் அத்தனை தடிமன். அடுத்த வீடு கண்ணுக்கு எட்டவில்லை. பக்கத்து அறைக்குப் போய்த் தாமஸ் ஏதோ சொன்னால் இங்கே ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கல்லுக்குள் இவள் அழுதால் யாருக்குத் தெரியும்?

மாடிக்குப் போகலாம் என்றார். செல்விக்குக் கண் சொருகிக்கொண்டு போனது. “நீ அடுப்பு பக்கத்துல உக்காரு சாமி. கல்லையும் மரத்தையும் பாக்கறதுக்குப் பேச்சு எதுக்கு,” என்று விட்டுவிட்டு நான் மட்டும் அவர் பின்னால் ஏறினேன். தாமஸ் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டான்.

படி சங்கு மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு படியும் ஒரே கல். நடுத் தூணும் அந்தக் கல்லின் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தே உண்டானது. பிடிக்கக் கைப்பிடி இல்லை, சுவரில் ஒரு கயிறு. அவருக்குக் கால் சரியில்லை, எனக்கு மூட்டு சரியில்லை. அவர் ஒரு படி ஏறி நின்று மூச்சு விட்டு, “வாங்க,” என்பார். நான் ஒரு படி ஏறுவேன். எங்கள் மலை ஏறுகிற பழைய டவுன் பஸ் நினைவுக்கு வந்தது.

மேலே கூரை மரங்கள். கப்பலைக் கவிழ்த்த மாதிரி வளைந்த மரம், ஒரு ஆணி கிடையாது, எல்லாம் மர முளை. கூரைக் கல்லும் மர முளையில்தான் தொங்குகிறதாம். எனக்குக் காட்ட ஒரு முளை எடுத்துவருவதாகக் கை ஜாடையில் சொன்னார். போவதற்கு முன்னால் சுவரில் இருந்த ஒரு சின்னத் துளையைக் காட்டினார். ஒரு முகம் வைக்கிற அளவு. இந்தப் பக்கம் அகலமாகவும் அந்தப் பக்கம் குறுகியும் இருந்தது. அதில் கண்ணை வைத்து, முகத்தைக் கடுகடுவென்று ஆக்கி, இல்லாத பாவாடையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, கீழே விரலை ஆட்டி மிரட்டிக் காட்டினார். புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் வீட்டு எஜமானி இங்கே நின்று கீழ்க்கூடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று வேவு பார்ப்பாளாம்.

அவர் முளை எடுக்க நொண்டி நொண்டி அடுத்த அறைக்குப் போனார். நான் துளையில் முகத்தை வைத்தேன்.

அடுப்பங்கூடம் நேர் கீழே தெரிந்தது. செல்வி நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். பையனின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். தூறலில் நடந்து வந்த என் மகளின் ஈரச் சாக்ஸை மெல்ல உருவி, அடுப்புக் கம்பியில் காயப் போட்டாள். தன் முன்துணியால் அவள் பாதங்களை, விரல் இடுக்கு விடாமல், துடைத்தாள். பாதத்தை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துப் போர்த்தினாள். நாய் எழுந்தபோது அதைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். எங்கள் பக்கம் வரப்போகிற மருமகளின் காலை மாமியார் தொட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு அவள் மேஜைக்குப் போனாள். நான் தொடாத தட்டுக்கு முன்னால் நின்றாள். ரொட்டியை ஒரு துணியால் மூடினாள். அதே துணியின் ஓரத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது செல்வி தூக்கத்தில், “அம்மா,” என்றாள். சின்னக் குரல்தான். சிறு வயதில் காய்ச்சலில் கூப்பிடுவாளே, அப்படி. அந்தத் துளை வழியாக என் காதுக்குப் பக்கத்தில் கூப்பிட்ட மாதிரி கேட்டது. “என்ன கண்ணு,” என்று என் வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் கீழே அந்த அம்மாள் ஓடி வந்து குனிந்து, அவள் நெற்றியில் கை வைத்து, தன் மொழியில் ஏதோ சொன்னாள். செல்வி கண் திறக்காமலே முகத்தை அந்தக் கைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரியவர் முளையோடு வந்தபோது நான் கயிற்றைப் பிடித்துப் பாதிப் படி இறங்கியிருந்தேன்.

கூடத்துக்கு வந்து, யாரையும் பார்க்காமல், மேஜையில் இருந்த அந்தக் கண்ணாடித் தம்ளரை எடுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன். பிறகு உட்கார்ந்து துணியை விலக்கினேன். ரொட்டியைப் பிய்த்து வெண்ணெயில் தோய்த்து வாயில் போட்டேன். சத்தம் கேட்டுச் செல்வி விழித்தாள். என் கையைப் பார்த்தாள், தம்ளரைப் பார்த்தாள். எழுந்து ஓடிவந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பதறிப்போய், “ரொட்டி சரியில்லையா?” என்று கேட்டாளாம். செல்வி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அந்த அம்மாள் ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை,” என்றாளாம். இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்தோம். சம்பந்தி ஆடுகளிடமிருந்து மகனைக் கூப்பிட வாசலுக்கு நொண்டி நொண்டி ஓடி, நிலையில் இடித்துக்கொண்டார்.

அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டோம். அங்கே பொழுது சாய்ந்திருக்கும். மரவள்ளிக் காட்டு மேட்டில்தான் எங்களுக்கு டவர் கிடைக்கும். அவர் அங்கேயே போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். முதல் மணியிலேயே எடுத்தார்.

“கை நனைச்சியா?”

“ஆமாங்க. ரொட்டி, கேக்கு, ரெண்டு டம்ளர் டீ.”

போனில் காட்டுப் பூச்சிகளின் சத்தம் வந்தது.

“கூப்புட்டா கேக்குமா?”

“கேக்குதுங்க.”

“செரி,” என்றார். மூக்கை உறிஞ்சினார். “கூரை ஒழுகுமான்னு கேட்டியா?”

அதைக் கேட்க மறந்துவிட்டேன். கேட்டதற்கு, வடக்கு மூலையில் கொஞ்சம் ஒழுகும் என்று சம்பந்தி ஒப்புக்கொண்டார். திரும்பும்போது தாமஸின் காரிலேயே வந்தோம். வளைவும் நெளிவுமாக வந்தும் வாந்தி வரவில்லை.

இவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிந்தது. இதில் தப்பு இருக்கும். ஜன்னல் மூன்று கண்ணா நான்கு கண்ணா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. செருப்பு கிடைத்தது புகைபோக்கியிலா, படிக்குக் கீழேயா என்பதும் குழம்புகிறது. கல் இறுகுகிற விஷயத்தை நான் சரியாகத்தான் வாங்கிக்கொண்டேனா என்று தெரியாது. அந்த மாதிரிக் கல் வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் திருத்திக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைப் பார்க்க எல்லோரையும் விடுகிறார்களாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்தச் சங்குப் படியில் ஏறி, சுவரில் நான் சொன்ன துளை உண்மையில் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்படியே கொஞ்சம் குனிந்து கீழே பார்த்து, என் மகள் எப்படி இருக்கிறாள் என்றும் சொல்லுங்கள்.